சோமனூர் தறிக்கூடத்திலிருந்து நிலாவுக்கு: ஒரு மாணவியின் கேள்வி

கேள்வி: ஐயா, சோமனூர் பக்கம் ஒரு கிராமம் எனக்கு. அப்பா எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறார். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு, சிஜிபிஏ 7.6. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3இன் விக்ரம் நிலாவில் இறங்கியபோது அப்பாவே தறியை நிறுத்தச் சொன்னார், எல்லோரும் பார்த்தோம். அன்றிலிருந்து நிலாவுக்கும் செவ்வாய்க்கும் எந்திரங்களை அனுப்பி நடத்துகிற பொறுப்பில் ஒரு நாள் இருக்க வேண்டும் என்று ஆசை. "அதெல்லாம் ஐஐடி படிச்சவங்களுக்கு, நமக்கெதுக்கு" என்கிறார் மாமா. அந்தப் பொறுப்பில் இருப்பவர் தினமும் என்னதான் செய்கிறார்? எனக்கு வழி இருக்கிறதா? கேம்பஸில் ஐடி வேலை கிடைத்தால் எடுத்துக்கொள்வதா, விடுவதா?

பதில்:

அம்மிணி, உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், நீ என்றே எழுதுகிறேன். கூலித் தறி அரை மணி நேரம் நின்றால் என்ன நட்டம் என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்தச் சொன்ன அப்பா இருக்கும் வீட்டில் உன் ஆசைக்குப் பெரிய தடை வராது.

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரன். 29 வருடம் விண்கலங்களைச் சோதிப்பதிலும் இயக்குவதிலும் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று ஊருக்கே வந்து தென்னையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமா பேச்சை முதலில் முடித்துவிடலாம். சந்திரயான்-1இன் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை நம்ம கோதவாடிக்காரர். கோவை அரசுத் தொழில்நுட்பக் கல்லூரியான ஜிசிடியில் பி.இ., பிஎஸ்ஜி டெக்கில் எம்.இ. முடித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். நீ தறியை நிறுத்திவிட்டுப் பார்த்த சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அவரும் உன்னைப் போல முதலில் மெக்கானிக்கல் டிப்ளமோ, அப்புறம்தான் பி.இ. ஐஐடிக்கு அவர் போனது பிற்பாடு, முனைவர் பட்டத்துக்கு. சந்திரயான்-2ஐ நடத்தியவர் வனிதா. சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1ஐ நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டையில் பிறந்து திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். மாமாவிடம் இந்த நாலு பேரையும் சொல். ஆனால் ஒன்று, இவர்களில் பலருடைய படிப்பு பி.இ.யோடு நிற்கவில்லை. உன்னுடையதும் நிற்கக் கூடாது.

சரி, தினமும் என்ன வேலை?

நீ டிவியில் பார்த்தது கடைசி இருபது நிமிடம். மாலை 5.44க்கு 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கி, 6.04க்குத் தரை தொட்டது. அந்த இருபது நிமிடத்தில் திட்ட இயக்குநர் செய்வதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கலம் தானே பார்த்து, தானே முடிவெடுத்து இறங்குகிறது. அவருடைய வேலை முழுக்க அதற்கு முந்தைய வருடங்களில் முடிந்துவிட்டது. சந்திரயான்-2க்கு அரசு ஒப்புதல் தந்தது 2008இல். நிலாவில் தரையிறங்கும் கலமான லேண்டர் ரஷ்யாவிலிருந்து வருவதாக இருந்து, அது நடக்காமல் போய், நாமே செய்வது என்று ஆகி, கடைசியில் 2019 ஜூலை 22 அன்றுதான் கிளம்பியது. பதினொரு வருடம். அந்தப் பதினொரு வருடத்தின் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு அப்புறம் ஆசைப்படு.

காலையில் ஒரு எடைக் கணக்கு மேசைக்கு வரும். கலத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு கம்பிக்கட்டுக்கும் இத்தனை கிராம் என்று எழுதப்பட்டிருக்கும். கேமரா அணி வந்து, "முந்நூறு கிராம் கூடுகிறது, வேறு வழியில்லை" என்பார்கள். அந்த முந்நூறு கிராமை யாரிடமிருந்தாவது எடுக்க வேண்டும், இல்லையென்றால் எரிபொருளில் கை வைக்க வேண்டும். எல்லா அணிகளும் தங்கள் கணக்கில் கொஞ்சம் மறைத்து வைத்திருப்பார்கள். கல்யாணச் செலவுக்குக் கேட்கும்போது எல்லோரும் கூட்டிச் சொல்கிற மாதிரிதான். யாரிடம் எவ்வளவு ஒளிந்திருக்கிறது, யாரிடம் உண்மையிலேயே இல்லை என்று கண்டுபிடிக்க, அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவரை யாரும் ஏமாற்றலாம். ஆள் மேய்க்கப் படித்தால் போதும், பொறியியல் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மின்சாரமும் அப்படித்தான். விக்ரமிலிருந்து இறங்கி நிலாவில் ஓடிய வண்டி, அதாவது ரோவர், பிரக்யான். 26 கிலோ எடை, அதற்குக் கிடைத்தது 50 வாட். வீட்டில் ஒரு மேசை விசிறிக்குப் போகிற அளவு. அதில் சக்கரம் சுற்ற வேண்டும், படம் எடுக்க வேண்டும், மண்ணை ஆராய வேண்டும், லேண்டரோடு பேச வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடாது. எங்கள் பக்கம் பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்காலில் மண்டலம் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று கணக்கு. முறை தவறினால் சண்டைதான். கருவிகளுக்கு மின்சாரம் பங்கிடுவதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் இந்த வாய்க்காலை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தேன், கன்னடக்காரப் பையன்களுக்குக்கூட.

அப்புறம் தேதி. செவ்வாய்க்குப் போக வழி 26 மாதத்துக்கு ஒரு முறைதான் திறக்கும். மங்கள்யான் அறிவிக்கப்பட்டது 2012 ஆகஸ்ட் 15, கிளம்பியது 2013 நவம்பர் 5. பதினைந்து மாதத்துக்கும் குறைவு. அந்தத் தேதி தவறியிருந்தால் இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். முகூர்த்தத்தைத் தள்ளிப்போட முடியாத கல்யாணம் இது.

இவற்றையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. இரண்டு தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வரப்பை யார் பார்ப்பது? அவரவர் தோட்டத்தை அவரவர் நன்றாகவே பார்த்துக்கொள்வார்கள். புல் மண்டுவது வரப்பில்தான். 1999 செப்டம்பரில் செவ்வாயைச் சுற்றப் போன அமெரிக்கக் கலம் ஒன்று போன வேகத்தில் தொலைந்தது. ஒரு குழுவின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, வாங்கிய குழு அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு குழுவிலும் கெட்டிக்காரர்கள்தான். கலம் செவ்வாயின் தரைக்கு 57 கிலோமீட்டர் நெருக்கத்தில் காற்று மண்டலத்துக்குள் புகுந்துவிட்டது. "நீ கொடுப்பது என்ன அலகு, அவன் வாங்குவது என்ன அலகு" என்று இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்கிற ஆள்தான் திட்ட மேலாளர். கேட்பது சின்னக் கேள்வி, கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். ஒரு கலத்தைப் பெரிய வெற்றிட அறைக்குள் வைத்து, விண்வெளிக் குளிரையும் வெயிலையும் மாறி மாறிக் காட்டிச் சோதித்துக்கொண்டிருந்தோம். இரவுப் பணி எனக்கு. இரண்டு மணி இருக்கும். ஒரு பெட்டியின் வெப்பநிலை பக்கத்துப் பெட்டியை விட மூன்று டிகிரி குறைவாகக் காட்டியது. சென்சர் கோளாறாக இருக்கும் என்று பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தூங்குகிற மேலாளரை மூன்று டிகிரிக்காக எழுப்புவதா என்று தயக்கம். காலையில் அது எட்டு டிகிரி ஆகியிருந்தது. சூடேற்றும் பட்டை ஒன்று ஓரத்தில் பெயர்ந்து வந்துகொண்டிருந்தது. அறையைத் திறந்து, சரிசெய்து, மறுபடி காற்றை உறிஞ்சி, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. பதினொரு நாள் போனது.

மேலாளர் சத்தம் போடவில்லை. "ராத்திரியே போன் பண்ணியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "வண்டியை எடுத்துக்கிட்டு வந்திருப்பேன், அவ்வளவுதான்" என்றார். அன்றே தன் வீட்டு போன் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, அந்த அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிற்காலத்தில் நான் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு சோதனையிலும் அந்த மாதிரி ஒரு தாள் ஒட்டினேன். கெட்ட செய்தி மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்தே ஒரு திட்டம் பிழைக்குமா என்று சொல்லிவிடலாம்.

இது உனக்குப் புதிதாக இருக்காது. தறிச் சத்தம் லேசாக மாறினாலே அப்பா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவார் இல்லையா? பாவு பிணைக்கும்போது ஓர் இழை மாறிப் போனால் பத்து மீட்டர் ஓடிய பிறகுதான் துணியில் தெரியும் என்று உனக்குத் தெரியும். இந்தக் காதும் இந்தப் பயமும் வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியாதவை. நேர்முகத் தேர்வில் எங்கள் வீட்டில் தறி என்று சொல்லக் கூச்சப்படாதே.

2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் லேண்டர் கடைசிக் கட்டத்தில் விழுந்து நொறுங்கியது. எஞ்சின்களின் உந்துதல் எதிர்பார்த்ததை விடக் கொஞ்சம் கூடியது, பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, திருத்திக்கொள்ளக் கலம் திரும்ப வேண்டிய வேகத்துக்கு மென்பொருள் விடவில்லை, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அடுத்த முறை, எது சரியாக நடக்கும் என்று கணக்குப் போடாமல், எது எது கெட்டுப்போகலாம் என்று எழுதிவைத்து ஒவ்வொன்றுக்கும் மருந்து தேடினார்கள். இறங்கும் இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் ஆக்கினார்கள். லேண்டரின் கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் வெயில் பிடிக்கட்டும் என்று கூடுதல் இடத்தில் சூரியத் தகடு வைத்தார்கள். நாலு வருடம் "இது கெட்டால்?" என்றே கேட்டுக்கொண்டிருப்பது மனதுக்கு அலுப்பான வேலை. அந்த அலுப்பைத் தாங்குகிறவர்களுக்குத்தான் இந்த நாற்காலி.

இறங்கிய பிறகும் பொம்மைக் கார் மாதிரி ஓட்ட மாட்டார்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று பிரக்யானுக்கு மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. படத்தைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்பு என்று கட்டளை அனுப்பினார்கள். நிலாவுக்குக் கட்டளை போக ஒரு நொடியும் கொஞ்சமும்தான். செவ்வாய்க்கு மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். அதனால் முந்தின நாள் படங்களை வைத்து மறுநாள் முழுவதற்கும் திட்டம் எழுதி அனுப்பிவிட வேண்டியதுதான். செவ்வாயின் நாள் நம் நாளை விடச் சுமார் 40 நிமிடம் நீளம். அங்கே ரோவர் இறங்கிய முதல் மாதங்களில் பணிக்கு வரும் நேரம் தினமும் நாற்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை எட்டு மணிக்குப் போனவர் இரண்டரை வாரம் கழித்து இரவு எட்டு மணிக்குப் போவார். வீட்டில் இருப்பவர்கள் ஒத்துழைக்காமல் இது நடக்காது. இதை அப்பா அம்மாவிடம் இப்போதே சொல்லிவை.

இனி உனக்கு என்ன வழி என்று பார்ப்போம்.

கோளுக்குப் போகிற திட்டத்துக்கு மேலாளர் தேவை என்று யாரும் விளம்பரம் போடுவதில்லை. ஒரு சின்னப் பொருளுக்கு முழுப் பொறுப்பாளியாகத் தொடங்க வேண்டும். ஒரு கால், ஒரு கீல், ஒரு சக்கரம். அது ஏன் அப்படி இருக்கிறது, எப்படிக் கெடும், கெட்டால் பக்கத்தில் எதைக் கெடுக்கும் என்று உலகத்தில் உன்னைவிட யாருக்கும் தெரியக் கூடாது. அப்புறம் ஒரு துணை அமைப்பு, அப்புறம் துணைத் திட்ட இயக்குநர். பதினைந்து இருபது வருடம் ஆகும். அவசரப்பட்டு முதலிலேயே நிர்வாகப் படிப்புக்குப் போய்விடாதே.

இஸ்ரோவில் பொறியாளர் 'எஸ்சி' நிலைக்கு (இது பதவிப் படியின் பெயர், சாதிப் பிரிவு அல்ல) வந்த அறிவிப்புகளில் பி.இ. முதல் வகுப்போடு 65 சதவீதம் அல்லது 6.84 சிஜிபிஏ கேட்டிருக்கிறார்கள். உன்னிடம் 7.6 இருக்கிறது. எழுத்துத் தேர்வும் நேர்முகத் தேர்வும் உண்டு, போட்டி மிகக் கடுமை. மூன்றாம் ஆண்டுப் பாடங்களைக் கேட் தேர்வுக்கும் சேர்த்தே படி. கேட் மதிப்பெண் இருந்தால் திருவனந்தபுரத்தில் இருக்கும் விண்வெளிக் கல்வி நிறுவனமான ஐஐஎஸ்டியில் எம்.டெக். படிக்கவும் வழி உண்டு. இன்னொன்றை நீ கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். முதல் வகுப்பு டிப்ளமோகாரர்களுக்கு டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலை அவ்வப்போது வரும். முதல் வகுப்பு என்றால் அந்தக் கதவு உனக்கு இன்றைக்கே திறந்திருக்கிறது. கலத்தைக் கையால் தொடுகிறவர்கள் அவர்கள்தான். நான் கற்றதில் பாதி அவர்களிடம் கற்றது.

வெளிநாட்டு ஆசை இருந்தால் ஒன்று தெரிந்துகொள். அமெரிக்காவில் நாசா சார்ந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் குடியுரிமையோ நிரந்தரமாகத் தங்கும் உரிமையோ கேட்பார்கள். அதை மட்டும் நம்பித் தறியை அடகு வைத்து அங்கே படிக்கப் போக வேண்டாம். இங்கேயே வேலை இருக்கிறது. நிலாவிலிருந்து மண் எடுத்துவரும் சந்திரயான்-4க்கும் வெள்ளிக் கோளைச் சுற்றும் கலத்துக்கும் 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்துவிட்டது. ஜப்பானோடு சேர்ந்து அனுப்பும் சந்திரயான்-5இல் 250 கிலோ ரோவர் போகப்போகிறது. பிரக்யானைப் போலப் பத்து மடங்கு. அந்த ரோவரைச் செய்வது ஜப்பான், அதை இறக்கும் லேண்டர் நம்முடைய பொறுப்பு. ஆனால் அவ்வளவு எடைக்குச் சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது யோசித்தாக வேண்டும்.

சக்கரம் என்றதும் உன் கடைசி வருட ப்ராஜெக்ட் நினைவுக்கு வருகிறது. கல்லூரிகளில் புளூடூத்தில் ஓடும் வண்டி செய்து, அதற்கு ரோவர் என்று பெயர் வைக்கிறார்கள். அதை விடு. சந்திரயான்-2க்காக நிலா மண் மாதிரியே மண் வேண்டும் என்று தேடியபோது, அது கிடைத்தது நம்ம நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும். நிலாவின் மேட்டு நிலத்தில் இருக்கும் அனார்த்தோசைட் பாறை அங்கே இருக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினர் உதவியோடு சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. லேண்டரையும் ரோவரையும் அந்த மண்ணில்தான் சோதித்தார்கள். 2005இல் செவ்வாயில் ஒரு ரோவர் மணலில் புதைந்தபோதும், பூமியில் அதே போல மணல் கலந்து, இன்னொரு ரோவரைப் புதைத்துப் பார்த்துத்தான் ஐந்து வாரத்துக்கு மேல் போராடி வெளியே எடுத்தார்கள்.

நீயும் அதைச் செய். ஆறடி நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி. உங்கள் பக்கம் கிரஷரில் கிடைக்கும் கல் பொடியை வாங்கிச் சலித்து நிரப்பு. ஒரே ஒரு சக்கரம், ஒரு மோட்டார், மேலே எடை. சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் எவ்வளவு தூரம் போக வேண்டும், எவ்வளவு போகிறது, எத்தனை மில்லிமீட்டர் புதைகிறது என்று அள. சேற்றில் டிராக்டர் சக்கரம் சுற்றுவதைப் பார்த்திருப்பாயே, அதே சறுக்கல்தான். பல்லின் உயரத்தை மாற்று, எடையை மாற்று, பெட்டியைச் சாய்த்து வை. ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய். தவறிப்போன முயற்சிகளையும் நோட்டில் எழுது, கிழிக்காதே. நேர்முகத் தேர்வில் அந்த நோட்டை நீட்டினால் கேள்விகள் அதிலிருந்துதான் வரும், உனக்கும் பதில் தெரிந்திருக்கும்.

ஐடி வேலைக்கு வருகிறேன். வீட்டில் கடன் இருந்தால், கிடைத்த வேலையை எடுத்துக்கொள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் என்று தேதி குறித்து வீட்டில் சொல்லிவிட்டுப் போ. பணம் அவ்வளவு நெருக்கவில்லை என்றால் நான் வேறு சொல்வேன். கோவையில் விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பாகம் கடைந்து தரும் பட்டறைகள் இருக்கின்றன. சம்பளம் ஐடியை விடக் குறைவாகத்தான் இருக்கும். அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் ஒரு வருடம் நின்றால், ஒரு மைக்ரான் என்றால் என்ன, ஒரு பாகத்தை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள், அப்போது முதலாளி முகம் எப்படி மாறும் என்று தெரியும். என் மகளாக இருந்தால் அங்கேதான் அனுப்புவேன்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் உடனே செய்ய வேண்டியது. லேட்டரல் என்ட்ரியில் சேரும்போது டிப்ளமோ அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கி வைத்திருப்பார்கள். டெக்னிக்கல் அசிஸ்டென்ட் அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்க இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். இந்த வாரமே அலுவலகத்தில் கேட்டு, எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியலுக்கும் நகல் எடுத்து, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். அசல் எப்போது தேவைப்பட்டாலும் கொடுப்பார்களா என்பதையும் வாயால் கேட்காமல் ஒரு கடிதமாக எழுதிக் கேள்.